காது ஆதாரமில்லை

யாரிடம் பேசினாலும் இஷ்பெல் மெக்ஃபெயில் முதலில் பார்ப்பது காதைத்தான். ஆட்டுக்காரி அல்லவா. இடது காது நுனியில் ஒரு வெட்டு, அடியில் ஒரு கொத்து இருந்தால் அது மெக்ஃபெயில் வீட்டு ஆடு என்று அந்த மலைப்பக்கத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள். எடின்பரோ சட்டசபையில் பார்வையாளர் மாடத்து முன்வரிசையில் உட்கார்ந்தும் அவளுக்கு அதே வேலை.

"கல்வி மந்திரிக்கு நல்ல அகலமான காது, டூகல். என்ன, அதுக்குள்ள எதுவும் போறதில்ல."

"மெதுவாப் பேசும்மா. காவலாள் தூக்கி வெளிய வச்சிருவான்," என்றான் டூகல், பக்கத்து மலைக்காரன். மாடத்தில் பேசக் கூடாது, கை தட்டக் கூடாது என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். மலையிலும் இஷ்பெல் அதிகம் பேசுகிறவள் இல்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒற்றைச் சீழ்க்கை நீளமாக அடிப்பாள். அவளுடைய நாய் மோஸ் எந்தப் பாய்ச்சலில் இருந்தாலும் அப்படியே படுத்துவிடும்.

ஆட்டுக் காதில் மின்னணு வில்லை மாட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது, மாட்டினாள். அது முட்புதரில் சிக்கிக் காதைக் கிழித்துக்கொண்டு எங்கோ விழுகிறது. சோதனைக்கு வந்த அதிகாரி வில்லையைப் படிக்கும் கருவியை நீட்டினார். சில காதுகளில் சத்தம் வரவில்லை. இரத்தம் காயாத காதைப் பிடித்துக் காட்டினாள். "காது ஆதாரமில்லம்மா, வில்லை இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அரசு மானியத்தில் பாதியை வெட்டிவிட்டுப் போனார். அந்த மனிதருக்குக் கண் இருந்ததா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இன்னொரு தரம் வெட்டினால் மந்தையை விற்க வேண்டியதுதான். வேலியே இல்லாத மலை அது. எதுவரை மேயலாம் என்பதைத் தாயாட்டின் பின்னால் நடந்தே குட்டி கற்றுக்கொள்ளும். இந்த மந்தை போனால், பிறகு வேறு ஆடு வாங்கி விட்டாலும் அது அங்கே நிற்காது.

இதைச் சபையில் கேட்கிறேன் என்று சொன்னவர் உறுப்பினர் கில்மோர். தேர்தலுக்கு முன்னால் அவள் அடுப்படியில் உட்கார்ந்து, ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டே சொன்னார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றார்.

அன்றைக்கு முதலில் பள்ளித் தேர்வு விவாதம். அது இழுத்துக்கொண்டே போய் ஆட்டுக்கு ஒதுக்கிய நேரத்தையும் விழுங்கிவிட்டது. கில்மோரும் உருகினார். "ஒரு தடவை தவறினதுக்காக ஒரு பிள்ளையை வாழ்நாள் முழுக்கத் தண்டிக்கலாமா? காகிதத்தைப் பார்க்காதீங்க, பிள்ளையைப் பாருங்க." கட்சி பேதமில்லாமல் கை தட்டினார்கள். இஷ்பெலும் தலையாட்டினாள். அவள் மகள் கணக்கில் இரண்டாம் முறைதான் தேறினாள்.

பிறகு ஆடு. உறுப்பினர்கள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கில்மோர் எழுந்தார். இஷ்பெல் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"அவைத்தலைவரே, தூக்கம் வரலேன்னா ஆட்டை எண்ணச் சொல்லுவாங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டை எண்ணிக்கிட்டிருந்தா நாம எல்லாரும் இங்கயே தூங்கிருவோம். சட்டம்னா சட்டந்தான். நம்ம விவசாயிகள் சமாளிச்சுக்குவாங்க."

அப்படி ஒரு சிரிப்பு. விவசாய மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தின்ற ரொட்டிக்காவது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், பாவி மனுஷன்.

"கேட்டியா, டூகல்," என்றாள் இஷ்பெல். "பிள்ளை தவறினா மறுபரீட்சை. வில்லை தவறினா என் மலையே போயிரும். ரெண்டையும் சொன்னது ஒரே வாய்."

"விடு. வா, போயிரலாம்."

கீழே கில்மோர் சிரிப்பு அடங்கட்டும் என்று கையைத் தூக்கி, முகமெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார். இஷ்பெல் எழுந்தாள். காவலாள் இரண்டு படி இறங்குவதற்குள் இரண்டு விரலை வாயில் வைத்து, அந்த ஒற்றைச் சீழ்க்கையை மூச்சு உள்ளவரை அடித்தாள்.

கில்மோர் தன்னையறியாமல் உட்கார்ந்தார்.