மாமாவின் தோணிக்கு நான் பூட்டிய மிதி

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். மருதமுனையில் தறி நெய்துகொண்டிருந்த நான், எழுபதுகளின் கடைசியில் அப்படித்தான் கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்தேன். பெண் தங்கமான பெண். ஆனால் மாமனார் கடல்காரர். அவருக்கு ஒரு பாய்த்தோணியும் மூன்று பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்; மூத்த மருமகன் நான். ஒரு கிழமை முழுதும் விருந்துச் சோறு போட்டுவிட்டு என்னைத் தோணியில் ஏற்றிவிட்டார்.

மாமா பின்புறத்தில் இருந்து துடுப்பால் திசை பிடிப்பார். பாயின் கீழ் மூலையில் கட்டிய கயிற்றை நான் பிடிக்க வேண்டும். காற்று ஏறினால் விட வேண்டும், தணிந்தால் இழுக்க வேண்டும். கேட்பதற்கு லேசான வேலை. தேங்காய்த் தும்புக்கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்தது. கடல் என் குடலைப் புரட்டியது. காலையில் தின்ற ரொட்டியோடு நான் கரை திரும்பிய நாளே இல்லை.

வரமாட்டேன் என்று சொல்லலாம்தான். புது மாப்பிள்ளைக்கு அந்த வாய் ஏது? ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். அந்தத் தோணியை ஒற்றை ஆள் ஓட்டும்படி மாற்றிக் கொடுத்தால் நான் சலாம் சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விடலாம்.

கல்முனைக் கடைத்தெருவில் இரண்டு கப்பியும், அப்போது புதிதாக வந்திருந்த நைலோன் கயிறும் வாங்கினேன். ஒரு கப்பியைப் பாயின் மூலையிலும் மற்றதைத் தோணியின் விளிம்பிலும் கட்டி, கயிற்றை இரண்டுக்குள்ளும் ஓட்டிப் பின்புறத்துக்குக் கொண்டுபோனேன். இழுவை பாதியாகக் குறைந்தது. ஆனால் இழுத்த கயிற்றைப் பிடித்து வைப்பது யார்? மாமாவின் கைகளோ துடுப்பில். நெசவுக்காரனுக்கு இப்படியான நேரத்தில் புத்தி காலுக்குத்தான் போகும். தறியில் இருப்பதுபோல ஒரு மிதிபலகை செய்து அதன் அடியால் கயிற்றை விட்டேன். மிதித்தால் கயிறு இறுகி நிற்கும். காலைத் தூக்கினால் வழுக்கி ஓடும்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாமா தனியே வெள்ளோட்டம் போனார். பள்ளிவாசலால் வந்த பாதிப் பேர் கரையில் நின்றார்கள். தோணி அழகாகத்தான் போனது. நான் மனதுக்குள் மருதமுனைக்குப் பஸ் ஏறிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்து மோத, தோணி சரிந்தது.

"மாமா, காலத் தூக்குங்க! காலத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

மாமா இன்னும் பலமாக மிதித்தார். தோணி சரிந்தால் காலை ஊன்று என்பதுதான் கடல் அவருக்குப் பழக்கிய பழக்கம். ஊன்ற ஊன்றக் கயிறு இறுகியது, பாய் காற்றை விடவில்லை, தோணி குப்புறக் கவிழ்ந்தது. மாமா நீந்திக் கரைக்கு வந்தார். அவருடைய தொப்பி வரவில்லை. கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு மருதமுனைக்கும் அப்பால் பெரியநீலாவணை வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் நிமிர்த்திய தோணியில் அவர் துடுப்பைப் பிடிக்க, நான் பக்கத்தில் இருந்து மிதித்தேன். காற்று மோதியதும் என் கால் என்னைக் கேளாமலே எழுந்தது. பத்து வயதிலிருந்து தறி மிதித்த கால் அல்லவா? தோணி பறந்தது. நான் வழமைபோல வாந்தி எடுத்தேன். இருவர் ஓட்டிய தோணியை அரும்பாடுபட்டு இருவர் ஓட்டும் தோணியாக மாற்றியிருந்தேன்.

கரைக்கு வந்து வலையை உதறும்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"பத்து நாளையில பழகிரும் மாமா. நான் காட்டித் தாறன்."

"வேணா மருமகன்."

"லேசான வேலதான் மாமா."

"லேசுதான். பழகினா எனக்கும் வரும்." அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கு மறுகா நீங்க வரமாட்டீங்களே. இவ்வளவு காலமும் கூலிக்கு வந்தவனுகளோடதான் கடலுக்குப் போனன். வீட்டுப் புள்ள ஒண்டு தோணியில இரிக்கக்குள்ள மனசுக்கு நல்லா இரிக்கு."

கலியாணம் முடிந்த நாளிலிருந்து அவர் என்னோடு கதைத்த மிக நீண்ட கதை அதுதான். வலையின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஆத்திரமும் வந்தது; இதைக் கப்பி வாங்கப் போகுமுன் சொல்லியிருக்கக் கூடாதா மனிதர்? மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு அவர் கரைக்கு வந்தபோது நான் தோணியில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.