நாளைக்கு வரச் சொன்னேன்

கோர்ட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "ஜெயிச்ச கேஸ் ஒண்ணு சொல்லுங்க" என்று என்னைக் கேட்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? சரி, எங்கள் ஆபீஸ் ஜெயித்த கேஸ் ஒன்றையே எழுதுகிறேன்.

1. படிக்கட்டு

விருதுநகரில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். முதல் நாள் வக்கீல் எனக்கு மேஜையைக் காட்டவில்லை. மாடிப்படியைக் காட்டினார்.

"ஏலே, இந்தப் படியிலதான் உனக்குக் கண்டம். மேல வந்து என்கிட்ட கேட்டா ஃபீஸ் குடுக்கணும்னு, பாதிப்பேரு உன்னைப் படியிலயே மடக்குவான். யோசனை சொல்றது என் வேலை. எழுதுறது உன் வேலை. யாரு என்ன கேட்டாலும் நாளைக்கு வாங்கன்னு சொல்லு. நெசமா வேணுங்கிறவன் ஃபீஸோட வருவான்."

அப்படியே செய்தேன். இரண்டு வருஷத்தில், தூக்கத்தில் எழுப்பி மணி கேட்டால்கூட நாளைக்கு வாங்க என்று சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

ஆனால் பிராதுகளை நகல் எடுத்து எடுத்தே சட்டத்தில் பாதி எனக்கு வந்துவிட்டது. கடன் சட்டம் முழுதாகவே வந்துவிட்டது. எங்கள் ஆபீசுக்கு வந்ததில் முக்கால்வாசி புரோநோட்டுக் கேஸ்தான். மிளகாய் வத்தல் கடைக்காரர்களும் பருப்பு மண்டிக்காரர்களும் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் கடன் கொடுப்பார்கள். ஒரு தாளில் ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் கையெழுத்தோ ரேகையோ வாங்கினால் புரோநோட்டு முடிந்தது. நோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். பணம் வராவிட்டால், அந்தக் கெடு முடிவதற்குள் எங்கள் படியேறி வருவார்கள்.

2. சீனியம்மாள் கேட்ட கேள்வி

சீனியம்மாள் மல்லாங்கிணற்றுக்காரி. அவள் புருஷன் முனியாண்டி, வத்தல் மூட்டைகளை மாட்டுவண்டியில் விருதுநகருக்கு ஏற்றி வருகிறவர். மாடு வாங்க வத்தல் கடை முதலாளி ஒருவரிடம் நானூறு ரூபாய்க்கு நோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மாடு நோயில் செத்தது. அவர் காய்ச்சலில் படுத்தபோது இன்னொரு மாடும் வண்டியும் வைத்தியத்துக்குப் போயின. பிறகு அவரும் போய்விட்டார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கலைவதற்குள், செத்தவருக்குக் கடன் கொடுத்தவர்கள் எழுந்து கேட்பார்கள். வீட்டார் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் செத்தவரைக் கடன்காரராக அனுப்பிவிட்டதாக ஊர் பேசும். முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். அத்தனை பேர் முன்னால் சீனியம்மாள் ஒத்துக்கொண்டாள். உடனே அந்த ஆள், "வாய்ச்சொல் எதுக்குத் தாயி? நோட்ட உன் பேருக்கு மாத்திக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

சில நாள் கழித்து அவள் எங்கள் படியில் வந்து நின்றாள். எங்கள் ஆபீசுக்கு அந்த முதலாளிதான் பெரிய கட்சிக்காரர் என்பது அவளுக்குத் தெரியாது. வக்கீல் போர்டைப் பார்த்து ஏறிவிட்டாள்.

"ஐயா, எம்புருசன் எழுதுன நோட்டுக்கு நான் ரேகை வைக்கணுமா? வச்சா என் வீட்டுக்கு எதுவும் வந்துராதுல்ல? எங்க அப்பன் என் பேருக்கு எழுதி வச்ச வீடு. அது ஒண்ணுதான் இருக்கு."

என்ன அழகான கேள்வி! எத்தனை படித்தவர்களுக்கு இப்படிக் கேட்கத் தெரியும்? இதற்கு எனக்குப் பதில் தெரியும். புருஷன் கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்துதான் பொறுப்பு. அவர் எதுவும் விட்டுப்போகவில்லை. உன் வீடு உன்னுடையது, யாரும் தொட முடியாது. ஆனால் உன் பேரில் புது நோட்டுக்கு ரேகை வைத்தால் அந்த நிமிஷமே அது உன் கடன். வைக்காதே, வீட்டுக்குப் போ. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"நாளைக்கு வாங்கம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "நாளைக்கு வந்தாச் சொல்லுவீகளா? சரிங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

மேலே போய் வக்கீலிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அவரு நம்ம கட்சிக்காரருலே. அவருக்கு எதிரா நாமளே யோசனை சொல்லப்படாது. அது தொழில் தர்மம் இல்ல. நாளைக்கு வரச் சொன்னியா? நல்லதாப் போச்சு. முதலாளிக்குச் சொல்லி விடு, அவரும் வரட்டும். நோட்ட நீயே எழுதிரு."

தொழில் தர்மம் என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை எரிக்கிறது.

3. ரேகை

மறுநாள் சீனியம்மாள் வந்தபோது முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். நான் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"வா தாயி. ஊருக்கு முன்னால ஒத்துக்கிட்டத எழுத்துல குடுக்கப் போற. அம்புட்டுத்தான். வட்டிய நீ முடிஞ்சப்ப குடு, நான் கேக்கவே மாட்டேன்" என்றார் முதலாளி.

அசலும் வட்டியும் சேர்த்து ஐந்நூற்றுச் சொச்சத்துக்குப் புது நோட்டு எழுதினேன். அடியில், எழுதியவர் என்று என் பெயரையும் போட்டேன். மைப்பெட்டியைத் திறந்தேன். அவள் முதலாளியைப் பார்க்கவில்லை, வக்கீலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"வைக்கலாமா ஐயா?"

நாளைக்கு வா என்று நான் சொன்னதை அவள் யோசனை என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். வரச் சொன்னவனே எழுதுகிறான் என்றால் அதில் வில்லங்கம் இருக்காது என்று நம்பினாள்.

"வைம்மா" என்றேன். மையில் தோய்த்து, ஸ்டாம்பு மேல் அந்தப் பெருவிரலைப் பிடித்து உருட்டியதும் நான்தான். எழுத்துக்கூலி எட்டணா.

4. ஜெயித்தோம்

முதலாளி வட்டி கேட்க மாட்டேன் என்றது உண்மைதான். கேட்கவே இல்லை. மூன்று வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது பிராது போட்டார். எழுதியது நான்.

சீனியம்மாள் வக்கீல் வைக்கவில்லை. கூண்டில் நோட்டைக் காட்டிக் கேட்டபோது, "என் ரேகைதான் சாமி. அந்தா நிக்காகளே குமாஸ்தா ஐயா, அவுகளக் கேட்டுட்டுத்தான் வச்சேன்" என்றாள். ஒத்துக்கொண்ட கடனுக்கு ஜட்ஜ் என்ன செய்வார்? டிக்ரி ஆனது. வீட்டை ஜப்தி செய்யும் மனுவையும் நான்தான் எழுதினேன். மல்லாங்கிணற்றில் தமுக்கு அடித்து ஏலம் போட்டார்கள். முதலாளியே எடுத்தார். அன்று ஆபீசில் எல்லோருக்கும் லாலா கடை அல்வா வந்தது. நானும் தின்றேன். வெட்கங்கெட்டவன்.

5. சிவகாசியில்

அதன் பிறகு மூன்று நான்கு வருஷம் இருக்கும். ஒரு லாரி வாடகைக் கேசுக்காக சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்குப் போயிருந்தேன். தீபாவளி சீசன். கேட்டுக்கு எதிரே காப்பிக் கடையில் நின்றபோது வேலை விட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி நின்றாள்.

"குமாஸ்தா ஐயாதான? நல்லா இருக்கீகளா? இங்கன எங்க?"

சீனியம்மாள். கையெல்லாம் வெடிமருந்து ஏறிச் சாம்பல் நிறமாகிப் போயிருந்தது. இங்கே ஒரு ஓலைக்குடிசையில் வாடகைக்கு இருப்பதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காப்பி சொன்னாள்.

"ஒண்ணு கேக்கணும்யா. எங்க தெருவுல ஒரு வாத்தியாரு இருக்காரு. நான் ரேகை வைக்காம இருந்திருந்தா என் வீட்ட யாரும் தொட்டிருக்க முடியாதுங்காரு. அது உங்களுக்குத் தெரியுமாய்யா அப்ப?"

காப்பி கையில் சுட்டது. வைக்க இடம் இல்லாததுபோல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

"அதான! நானும் வாத்தியாருகிட்ட அதத்தான் சொன்னேன். தெரிஞ்சிருந்தா அந்த ஐயா சொல்லாம இருப்பாகளா? அம்புட்டுத் தூரம் மறுநா வேற வரச் சொன்னாகளே, பாவம், அவுகளுக்கே தெரியலன்னு."

புதிதாக வரும் பிள்ளைகளே, ஆபீஸ் ரகசியத்தை வெளியே சொல்லுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. "இது எதிர்க்கட்சி ஆபீசும்மா, வேற வக்கீலப் பாருங்க" என்று படியிலேயே சொல்லியிருக்கலாம். அதில் எந்தத் தர்மமும் கெட்டிருக்காது. வக்கீல்கூடத் திட்டியிருக்க மாட்டார். அடுத்த தெருவிலேயே இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள். நாளைக்கு வா என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். நம்பி வந்துவிடுவார்கள்.

அன்று காப்பிக்குக் காசு கொடுத்தது சீனியம்மாள்தான். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் எண்ணிக் கொடுத்தபோது நான் தடுக்கவில்லை.