எஞ்சினை ஏற்றிப்போன வேன்

கீரமங்கலத்துக்குத் தெற்கே நாங்கள் குடியிருந்து பயிர்செய்த கொல்லைக்கு அதுவரை மாட்டுவண்டிகள்தான் வந்திருக்கின்றன. எந்த வண்டி வந்தாலும் ஆத்தா செம்பில் தண்ணீர் கொண்டுபோவாள். கொடுக்கும் முன்னாலேயே, "எந்த ஊரு? யாரு வீடு?" என்று கேட்பாள். வந்தவர் சொல்லும் பதில் கடைசியில் எங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது போய் முட்டும். முட்டாவிட்டால் அப்பா மண்வெட்டியோடு பக்கத்தில் வந்து நிற்பார். எங்களுக்கு இருந்த காவல் அவ்வளவுதான்.

கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளையும் ஆத்தாவின் சங்கிலியையும் விற்று ஆயில் எஞ்சின் வாங்கியிருந்தோம். பங்குனியில் அது கரும்புகை கக்கி நின்றுபோனது. கடலை பூத்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் காய் பிடிக்காது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். எஞ்சின் விற்ற கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கார்டு எழுதினேன். அதை டீக்கடையில் எல்லோருக்கும் இரண்டு தடவை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபால்பெட்டியில் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சாம்பல் நிற வேன் ஒன்று கொல்லைக்குள் வந்தது. காக்கிச் சட்டையில் இரண்டு பேர் இறங்கினார்கள்.

"சார்தானே கார்டு போட்டது?" என்றார் மூத்தவர். அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. "எஞ்சினை ஒர்க்ஷாப்புல வச்சுத்தான் பிரிக்கணும். ரெண்டு நாள்ல கொண்டாந்துருவோம்." ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

ஆத்தா செம்போடு வந்தாள். "எந்த ஊருப்பா? யாரு வீட்டுப் புள்ளைக?"

இளையவன் சிரித்தான். "எதுக்கு ஆத்தா, பொண்ணு குடுக்கப் போறீங்களா?"

எனக்கு மானம் போயிற்று. "கம்பெனிக்காரங்கள அப்படியெல்லாம் கேக்கக் கூடாது ஆத்தா. செம்பைக் குடுத்துட்டு அங்கிட்டுப் போ."

அப்பா மண்வெட்டியோடு வந்து நின்றார். "தாள்ல என்னடா போட்டிருக்கு?"

டைப் அடித்த தாள். பாதிதான் புரிந்தது. கீழே சீல் இருந்தது. "எல்லாம் சரியா இருக்குப்பா" என்றேன். அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினைத் தூக்க வந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். ரசீது கேட்டேன், எழுதிக் கொடுத்தார்கள். "படிச்ச புள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார் மூத்தவர்.

ரெண்டு நாள் போனது, நாலு நாள் போனது. ஆறாம் நாள் உச்சிவெயிலில் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வந்தார். ஆத்தா செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். குளத்தூர்ப் பக்கம் தன் ஊர் என்றார். தகப்பன் பேரைச் சொன்னார். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டைச் சொன்னார். அந்த வீடு ஆத்தாவுக்குத் தெரியும். செம்பை நீட்டினாள்.

குடித்து முடித்து, சட்டைப்பையிலிருந்து என் கார்டை எடுத்தார். "கம்பெனியில அனுப்புனாங்க. எஞ்சின் எங்கிட்டு இருக்கு?"

கார்டை நீட்டியபடியே நின்றார். அதை வாங்க எனக்குக் கை எழவில்லை.

டீக்கடையில் போய்க் கேட்டேன். கார்டு எழுதிய பையனின் பெருமையைப் பேசி, வேன்காரர்களுக்கு வழியும் காட்டியிருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு என் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டி நம்பர் என்ன?"

"பாக்கலீங்க."

"இவ்வளவு படிச்சிருக்க. அதைப் படிக்கலையா?"

மாடு இல்லாத கவலையை நானும் அப்பாவும் இழுத்தோம். தோள் கன்றி ரத்தம் கட்டியது. கிணற்றடியில் நாலு பாத்தி நனைந்தது. மற்றதெல்லாம் காய்ந்தது. பிடுங்கிப் பார்த்தபோது விழுது மட்டும் நூலாகத் தொங்கியது. ஆத்தா செடிகளை ஆட்டுக்குப் போட்டாள். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அடுத்த மாதம் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாசிக்கச் சொல்லிக் கேட்க டீக்கடைக்கு நடந்தார்.