அடுப்பு எரியாத வீடு

இந்த ஊரில் ஒருவர் உங்களை விருந்துக்கு அழைத்தால், கூடவே உங்கள் எடையையும் கேட்பார். சிரிக்காதீர்கள், எனக்கு நடந்தது. பக்கத்து வீட்டு ஹெங்க் வேலியோரம் வந்து நின்று, "ஞாயிற்றுக்கிழமை உன்னை ஒரு தீவுக்குக் கூட்டிப்போகிறேன். குட்டி விமானம், நானே ஓட்டுவேன். அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் மதியச் சாப்பாடு" என்றார். நான் நன்றி சொல்வதற்குள் "நீ எத்தனை கிலோ?" என்றும் கேட்டார். பழவேற்காட்டில் எவனாவது இப்படிக் கேட்டிருந்தால் "இன்னா, வெட்டிக் கூறு போடப்போறியா?" என்று திருப்பிக் கேட்டிருப்பேன். இங்கே பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொன்னேன். நாலு பேர் உட்காரும் விமானமாம். யார் முன்னால், யார் பின்னால் என்பதை எடை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டுமாம். என் நைனா படகில் ஏறுகிறவனை ஒரு பார்வை பார்ப்பார். "நீ முன்னால குந்து. நீ நடுவுல போ" என்பார். அவ்வளவுதான். கிலோ கணக்கெல்லாம் கேட்டதில்லை, படகும் ஒருநாள் சாய்ந்ததில்லை.

நான் ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் பழகி, ஒரு ஏஜெண்ட்டைப் பிடித்து, ராட்டர்டாம் பக்கம் வந்து சேர்ந்தேன். இங்கே எனக்குக் கிடைத்த முதல் வெள்ளைக்கார சிநேகிதர் ஹெங்க்தான். அதற்குக் காரணம் என் அழகோ குணமோ இல்லை. எந்த ஊர் என்று கேட்டார், பழவேற்காடு என்றேன், விளங்கவில்லை. புலிகாட் என்றதும் மனிதர் துள்ளிவிட்டார். "பாலியகட்டே!" என்று எங்கள் ஊரின் டச்சுப் பெயரைக் கத்தி, வீட்டுக்குள் ஓடி, மனைவி மரேக்கேவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய குடும்பத்து முன்னோர் ஒருவர் டச்சுக்காரர் காலத்தில் நம் கோட்டையில் எழுத்தராக வேலை பார்த்து அங்கேயே செத்துப்போனாராம். ஹெங்க் சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்து, டச்சுக் கல்லறையில் அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, போட்டோ எடுத்து வந்திருக்கிறார். வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கும் அதே கல்லறைதான். நாம் அந்தச் சுவரோரம் ஆடு ஓட்டிக்கொண்டு போவோம், இவர்கள் விமானம் ஏறி வந்து தொட்டுப் பார்த்துக் கண் கலங்குவார்கள்.

என் மனைவி கோமளா விமானத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "சைக்கிளுக்கு ரெக்க கட்டின மாதிரி கீது. நான் வர்ல, நீ போய்ட்டு வா" என்றுவிட்டாள். மழை, காற்று என்று இரண்டு முறை தள்ளிப்போன பயணம் கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. எனக்கு அன்றைக்குப் போகவே விருப்பமில்லை. அன்றைக்குத்தான் ஊரில் பாடு பேசுகிற கூட்டம்.

பாடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற நல்ல இடங்களுக்கு முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர். ஊருக்குள்ளும் இன்றைக்கு நான், நாளைக்கு நீ. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. கல்யாணம் ஆகித் தனி அடுப்பு வைத்தவன் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பாடு. முகத்துவாரம் மண் மூடி மூடி ஏரி இளைத்துப்போன பிறகு, புதுத் தலைக்கட்டு சேர்ப்பதில்லை என்று ஊர் முடிவெடுத்தது. ஒருவன் விட்டால்தான் இன்னொருவன் ஏறலாம். நான் விடவில்லை. கடல் கடந்து வந்தும் விடவில்லை. கோமளா ஊரில் இருந்தவரை கேள்வியே எழவில்லை. அவளையும் மகளையும் இங்கே அழைத்துக்கொண்ட பிறகு, என் தம்பி தேசப்பன் ஒரு வழி சொன்னான். அமாவாசைக்கு அமாவாசை அவன் மனைவி என் வீட்டைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, அடுப்பில் ஒரு உலை வைப்பாள். புகை வருவதை ஊர் பார்க்கும். அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று ஒப்புக்கொள்ளும். பொய்தான், எல்லோருக்கும் தெரிந்த பொய். இருந்தாலும் மரியாதையாக நடந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் சிலர் கேள்வி கேட்கப்போகிறார்கள் என்று தேசப்பன் சொல்லியிருந்தான். கூட்டத்தில் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தேன். என் வாயால் நானே ஊரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மத்தியானம், அதற்குள் தரையிறங்கிவிடலாம் என்று ஹெங்க் உறுதி சொன்ன பிறகுதான் விமானத்தில் ஏறினேன். மரேக்கே முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். பக்கத்து சீட்டில் ஒரு கூடை.

மேலே போனதும் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டேன். கீழே விரிந்து கிடந்தது ஏரிதான், சத்தியமாக நம் ஏரிதான். கணுக்கால் அளவுத் தண்ணீர், பழுப்புச் சேறு, நடுவில் நெளிந்து ஓடும் ஓடைகள். இவர்கள் அதைக் கடல் என்கிறார்கள். வேளைக்கு வேளை தண்ணீர் வற்றித் தரை தெரியுமாம். அந்தச் சேற்றில் இருபது முப்பது பேர் வரிசையாக, குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் பக்கத்தில் பெண்கள் பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பார்களே, அந்த ஞாபகம். ஹெட்போனில் "அவர்கள் இறால் பிடிக்கிறார்களா, நண்டா?" என்று கேட்டேன். ஹெங்க்குக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டதும் சிரித்தார். "ஒன்றும் பிடிக்கவில்லை. நடக்கிறார்கள். வழிகாட்டிக்குக் காசு கட்டி, சேற்றில் நடப்பது இங்கே ஒரு பொழுதுபோக்கு." நம் பெண்களுக்கு விரல் நகமெல்லாம் அழுகிப்போகும். அதை இவர்களிடம் எந்த மொழியில் சொல்வது? நானும் சிரித்து வைத்தேன்.

திராட்சைத் தோட்டம் அழகாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். வரிசை வரிசையாகக் கம்பு நட்டுக் கம்பி இழுத்து, அதில் கொடியை ஏற்றியிருந்தார்கள். வெயிலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடிக் கோப்பைகள். பொடி இறாலை ரொட்டி மேல் குவித்துக்கொண்டு வந்தார்கள். இத்தனை பொடி இறாலை உட்கார்ந்து உரித்த புண்ணியவதி யார் என்று கேட்டேன். மரேக்கே, "இது இங்கே பிடித்தது. உரிப்பதற்கு மொராக்கோ போய்விட்டு வருகிறது, அங்கே கூலி குறைவு. லெக்கர், இல்லையா?" என்றார். லெக்கர் என்றால் ருசி. ருசியாகத்தான் இருந்தது. அந்த இறால்கூடக் கண்டம் தாண்டிப் போய், சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சொந்த ஊர் திரும்பிவிடுகிறது.

ஹெங்க் கோப்பையைத் தூக்கினார். "பாலியகட்டேவுக்கு! எங்கள் குடும்பம் தலையெடுத்தது உங்கள் ஊர்த் துணியால். அந்தப் பூப்போட்ட துணிகள், அடடா!" என்றார். எனக்கு அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "துணி மட்டுமா ஹெங்க்? அதே கரையிலிருந்து ஆட்களையும் கப்பலில் ஏற்றினார்கள். அடிமையாக, கிழக்கே உங்கள் பட்டாவியா துறைமுகத்துக்கு" என்றேன். அவர் முகம் சிவந்தது. கெட்ட மனிதர் இல்லை, பாவம். "ஆமாம்... அது ரொம்பப் பழைய கதை" என்று கோப்பையைக் கீழே வைத்தார். அந்த எழுத்தர் செத்ததும் அதே காலத்தில்தான். அது மட்டும் பழைய கதை இல்லை, குடும்பக் கதை. அந்தக் கப்பல்களில் ஏற்றும்போதும் எவனாவது ஆள் ஆளாக எடை பார்த்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை. போன் அடித்துவிட்டது.

கொடிகளுக்கு நடுவே எழுந்து போனேன். ஸ்பீக்கரில் காற்றும் காக்கையும் ஊர்க் கூச்சலும் சேர்ந்து வந்தன. முத்தையா நாட்டார்தான் பேசினார், இப்போதைய ஊர்த் தலைவர், எனக்கு மாமா முறை.

"இன்னாப்பா, நல்லா கீறியா? துன்னியா?"

"ஆச்சு மாமா. எல்லாருக்கும் கும்புடு சொன்னேன்னு சொல்லுங்க."

"செரி. ஏரி நெலம உனக்குத் தெரியாதது இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எப்ப வர்ற?"

"லீவு கெடச்சதும் வந்துர்றேன் மாமா."

"லீவுக்கு வர்றத யாருப்பா கேட்டா? வந்து இருக்கறத கேக்கறேன்."

பொண்ணு படிப்பு முடியட்டும் மாமா என்று ஏதோ முனகினேன். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நாட்டார் அதட்டிவிட்டு, குரலைத் திருப்பினார். "தேசப்பா, நீ சொல்லு. உங்க அண்ணன் ஊட்டுல அடுப்பு எரியுதா?"

இந்தக் கேள்வியை நான் முன்பே ஒரு கூட்டத்தில் காதால் கேட்டிருக்கிறேன். என் நைனா நாட்டாராக இருந்த காலத்தில், மீஞ்சூர்க் கம்பெனிக்கு பஸ் ஏறிப்போய் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்ட ஒருவர், பாடு உரிமையை மட்டும் விடமாட்டேன் என்று கூட்டத்தில் வந்து அழுதார். நைனா அசையவில்லை. "அடுப்பு எரியாத ஊட்டுக்கு இன்னாத்துக்குப்பா பாடு? இங்க கஞ்சி காச்சறவனுக்குத்தான் ஏரி" என்றார். ஊர் தலையாட்டியது. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்துக்கே அந்தத் தீர்ப்பு. நான் எவ்வளவு தூரம்!

போனில் காக்கை கத்தியது. பிறகு தம்பி சொன்னான்: "எரியல மாமா. ஆடியோட நிறுத்திட்டோம்."

முடிந்தது. நாட்டார், "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதப்பா" என்றார். என் பாடு தம்பி மகனுக்குப் போனது. தை மாதம் கல்யாணம் ஆனவன், இத்தனை நாள் கூலிக்கு அடுத்தவன் படகில் ஏறிக்கொண்டிருந்தவன்.

மேசைக்குத் திரும்பினால், ஹெங்க் "ஊரில் எல்லோரும் சுகமா?" என்றார். ஏரியில் மீன் பிடிக்க எனக்கிருந்த உரிமை போய்விட்டது என்று, தெரிந்த டச்சில் சொன்னேன். மரேக்கே உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடடா, மீன்பிடி கிளப்பா? மறுபடியும் மெம்பர் ஆக முடியாதா?" என்றார். ஹெங்க் என்னைத் தேற்ற நினைத்தார். போனில் அந்தக் கல்லறைப் படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். "கவலைப்படாதே. பார், என் ஆளும் அங்கேதான் கிடக்கிறார். நானும் நீயும் ஒரே ஊர்க்காரர்கள்." கல்லில் எழுத்துகள் நேற்று வெட்டியது போல இருந்தன. சுற்றிலும் மதில், பூட்டிய கதவு, பார்த்துக்கொள்ள ஆள். இந்த மனிதர் போய் இறங்கினால் நம் ஊரில் தொட்டுக் கும்பிட ஒரு இடம் இருக்கிறது. அவர் ஆள் மூன்று நூற்றாண்டாக ஒரு அடுப்பையும் மூட்டியதில்லை, ஒருத்தனும் அவரைப் போய் எரியுதா என்று கேட்டதில்லை. கோப்பையில் இருந்ததை ஒரே மடக்கில் குடித்தேன். "லெக்கர்?" என்றார் ஹெங்க். "லெக்கர்" என்றேன்.

திரும்பும்போது அவர் இரண்டு பெட்டி ஒயின் வாங்கியிருந்தார். விமானத்தடியில் நின்று கணக்குப் பார்த்து, பெட்டிகளை நான் வந்த பக்கம் வைத்து, என்னை அடுத்த பக்கம் மாற்றினார். அவர் இன்ஜினைச் சுற்றி வந்து சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் தேசப்பனைக் கூப்பிட்டேன்.

"இன்னாடா பண்ணி வெச்ச? கூடப் பொறந்தவன்தானேடா நீ?"

"ண்ணா, எம்புள்ள எதுருக்க நின்னுகினு இருந்தான். அவன் மூஞ்சப் பாத்துகினு எப்பிடிண்ணா பொய் சொல்றது?"

"நிறுத்திட்டேன்னு எங்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா வுட்டுக் குடுத்திருப்பியா?" மூக்கை உறிஞ்சினான். பிறகு, "நீ வரமாட்டண்ணா. உனக்கே தெரியும்" என்றான். அழுதான் என்றுதான் நினைக்கிறேன். நான் போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விமானம் மேலே ஏறியபோது, கீழே அந்தச் சேற்றுக் கடலில் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. நடந்தவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது நல்ல வெயில் இருந்தது. கோமளா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சுண்ணாம்புக்குளத்துக்காரி, அவளுக்கும் ஏரி தெரியும், பாடும் தெரியும்.

"ஊர்ல இன்னா சொன்னாங்க?"

"அடுப்பு எரியலயாம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பானையைத் தூக்கி வைத்தாள். எங்கள் வீட்டு அடுப்பு வெறும் கறுப்புக் கண்ணாடிப் பலகை, மின்சாரம். வந்த புதிதில் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "நெருப்பே இல்லாம இன்னாத்த வேவும்?" என்று கேட்டவள். இப்போது பார்க்காமலே விரலால் ஒரு தட்டு தட்டினாள். கொஞ்ச நேரத்தில் உலை கொதித்தது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரே உட்கார்ந்தேன், குனிந்து பானைக்கு அடியில் பார்த்தேன். நாளைக்கு யாராவது வந்து, இந்த வீட்டிலாவது அடுப்பு எரிகிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும்.