குளிர் சோஃபியாவுக்கு முன்னால்

லுட்விக் அயர்லாந்துக்குக் கிளம்பியது மே நான்காம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருமகளுக்குப் பேறுகாலம். பேருந்தில் ஏறுமுன் நாற்பது செலரிக் கிழங்கு நாற்றுகளைத் தட்டோடு பக்கத்துத் தோட்டக்காரி போகுமிலாவின் கையில் கொடுத்தார்.

"போகுஷா, பதினஞ்சாம் தேதி குளிர் சோஃபியா, அந்தப் புனிதை நாள் வரைக்கும் பனி விடாது. அது தாண்டுற வரைக்கும் இதை ஜன்னலை விட்டு நகர்த்தாதீங்க. சின்னதுல குளிர் பட்டுச்சுன்னா கிழங்கு வைக்காது, பூத்துத் தொலைஞ்சிடும்."

"எனக்கேவா பாடம்? நீங்க போய் பேரப்பிள்ளையக் கொஞ்சுங்க."

போலந்தின் குருஜோன்ட்ஸ் நகரில் இருபத்தேழு வருடம் டிராம் ஓட்டியவள் அவள். ஒருநாளும் தாமதமானதில்லை. ஊர் எல்லையில் குடியிருப்புக்காரர்களுக்கு ஒதுக்கிய தோட்டத் துண்டுகளில் ஏழு பேருடைய கொட்டகைச் சாவி அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். யார் வெளியூர் போனாலும் முதலில் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீட்டில் வெயில் படும் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதில் அவளுடைய முப்பது தக்காளி நாற்றுகள் இருந்தன. இரண்டையும் நெருக்கி வைத்ததில் தக்காளி வெளிறி, நெட்டையாக வளர்ந்தது. எட்டாம் தேதி நல்ல வெயில். அன்று செலரித் தட்டைத் தூக்கி பால்கனியில் வைத்தாள். சாயங்காலம் உள்ளே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அடுத்த பத்து இரவும் பல்லைக் கிட்டவைக்கும் குளிர். நாற்றுகள் சாகவில்லை, பார்க்கப் பச்சையாகவே இருந்தன. இருபதாம் தேதி லுட்விக்கின் பாத்தியில் ஒழுங்காக நட்டாள். யாருக்கும் எதுவும் தெரியாது.

கோடை வந்ததே தெரியவில்லை. ஜூன் முழுக்க மழை, ஜூலையில் ஸ்வெட்டர். அவளுடைய தக்காளி முப்பதும் கருகி அழுகின. செலரியோ ஆள் முழங்கால் உயரத்துக்குத் தண்டு விட்டது.

வேலிக்கு அப்பால் தோட்டம் வைத்திருந்த யாட்விகா சத்தம் போட்டாள். "என்னடி போகுஷா, லுட்விக்கோட செலரி கல்யாணத்துக்குக் கெளம்பிடுச்சு போல! தலை நெறையப் பூவு!"

"இந்தக் கோடைதான்டி காரணம். எல்லாருக்கும் இப்படித்தான்."

"எனக்கு இல்லையே. சின்னதா இருந்தாலும் கிழங்கு கிழங்காத்தான் இருக்கு."

ஞாயிறுதோறும் லுட்விக் போன் செய்வார். "பாத்தியில என் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க," என்பாள் போகுமிலா. சொல்லிவிட்டுப் போனைத் துணியில் துடைப்பாள், ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல.

அவர் அக்டோபரில் வருகிறார் என்றதும் பூத்த செடிகளையெல்லாம் பிடுங்கி எரித்தாள். ஆற்றுக்கு அக்கரைச் சந்தையில், தெரிந்த முகம் எதுவும் இல்லாத இடத்தில், ஆறு கிழங்கு வாங்கிவந்து அவர் பாத்தியில் புதைத்தாள். மற்றதெல்லாம் அழுகிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

லுட்விக் ஒன்றைத் தோண்டி எடுத்து மண்ணை வழித்தார். தோட்டத்துக் கிழங்குக்கு அடியில் தாடிபோல வேர் கொத்தாக இருக்கும். இது சந்தைக்காக மழுமழுவென்று சீவப்பட்டிருந்தது. சீவிய இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு அவளுடைய பாத்தியில் வெறுமனே நின்ற குச்சிகளைப் பார்த்தார்.

"தக்காளி எத்தனை வச்சீங்க?"

"முப்பது."

"எல்லாம் அந்த ஒரே ஜன்னல்லயா?"

அவள் குனிந்து ஒரு குச்சியைப் பிடுங்கினாள். முகம் காது வரைக்கும் எரிந்தது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்தக் கிழங்கிலேயே சூப் வைத்து அவளுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து தந்தார். அவர் எதிரிலேயே அதை முழுக்கக் குடிக்க வேண்டியிருந்தது.

குளிர்காலத்துக்கு முன் அவர் மகனோடு இருக்க அயர்லாந்துக்கே ஒரேயடியாகப் போய்விட்டார். போகுமிலா மற்ற ஆறு சாவிகளையும் ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மே மாதம், போனில் ஒரு படம் வந்தது: ஜன்னலோரம் ஒரு தட்டு நிறைய செலரி நாற்றுகள். கீழே லுட்விக் எழுதியிருந்தார்:

"இங்கயும் ஒரே ஜன்னல்தான் போகுஷா. தக்காளிக்கு எடம் வேணும்னு மகன் கேக்கறான். இன்னைக்குக் காலைல தட்டைத் தூக்கி வெளிய வைக்க என் கையும் போச்சு. சோஃபியாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு, சொல்லுங்க."