சாவடியில் சொன்ன பொய்

சண்டை வருவதற்கு முன்னால் எங்கள் மலைப்பக்கத்தில், கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் சின்ன கைட்ராக்டர் ஓட்டிய ஒரே பெண் க்ளோமே அக்காதான். பின்னால் ஒரு இழுவைப் பெட்டியைக் கோத்துக்கொண்டு மக்காச்சோளம், கல்யாணத்துக்கு வெட்டப் போகும் பன்றி, பிரசவ வலி கண்டவர்கள், சவப்பெட்டி என்று எதையும் ஏற்றுவாள். புருஷன் மலேசியாவுக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவனைப் பற்றி யாராவது கேட்டால், "பஸ் நிக்கிற இடத்துல நான்தான் இறக்கி விட்டேன். வாடகை கூட தரல" என்பாள்.

நான் லோய்கா டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவன். அரசாங்கப் பட்டாளத்தின் விமானங்கள் குண்டு போட ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு ஊர்க்காரர்களோடு காட்டுக்குப் போனேன். ஓடையோரத்தில் தார்ப்பாய்களுக்குக் கீழே பல ஊர் ஜனங்கள் ஒண்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பெரிய நிறுவனங்களின் லாரி எதுவும் அங்கே வர முடியாது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளும் கிறிஸ்தவக் கோயில்களும் சேர்த்து அனுப்புகிற அரிசி டவுன் எல்லைவரை வரும். அதற்கப்புறம் எங்கள் பாடு. ஊர்க் குழு கூடி, யார் போய் எடுத்து வருவது என்று பேசியபோது ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஆண்களைச் சாவடியில் பிடித்துவைத்துக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். க்ளோமே அக்கா எழுந்து, "பன்னி ஏத்தின வண்டி, அரிசி ஏத்தாதா?" என்று கேட்டுவிட்டு டீசல் தேடப் போய்விட்டாள்.

வழியில் ஒரே சாவடி. பட்டாளத்தோடு சேர்ந்துகொண்ட உள்ளூர்ப் படை அங்கே இருந்தது. அதன் தலைவன் லூரே அக்காவுக்கு அடுத்த வீட்டுப் பையனாக வளர்ந்தவன். அவன் அந்தப் பக்கம் போன பிறகு ஊரில் அவன் பேரை யாரும் சொல்வதில்லை. அவன் அம்மா ஷாமே மட்டும் அவனோடு போக மறுத்து, எங்களோடு காட்டுக்கு வந்துவிட்டாள்.

சாவடியில் அரிசியை விடுவார்கள். மருந்தை விட மாட்டார்கள். காட்டில் இருக்கும் போராளிகளுக்குப் போய்விடுமாம். மழை பிடித்ததும் முகாமில் பேதி கண்டது. மருந்து கொண்டுவரப் போன இன்னொரு பெண்ணை லூரேயின் ஆட்கள் மருந்தைப் பிடுங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரம் முதலில் செத்தது ஷாமே. ஏற்ற சலைன் இல்லாமல், கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டுக்கொண்டிருந்தேன். அக்காதான் அவளைக் குளிப்பாட்டிப் பழைய போர்வையில் சுற்றினாள்.

அதற்கப்புறம்தான் அக்காவே மருந்துக்குப் போனாள். என்னையும் காது கேளாத ஊமை என்று சொல்லி மூட்டைமேல் உட்கார வைத்துக்கொண்டாள். படித்த ஆண்பிள்ளை என்று தெரிந்தால் விட மாட்டார்கள். நான் பக்கத்து ஊர் என்பதால் லூரேக்கு என்னைத் தெரியாது.

டவுனிலிருந்து திரும்பும்போது லூரே இரும்புக் கம்பியால் அரிசி மூட்டைகளைக் குத்திப் பார்த்தான். மூன்றாவது குத்தில் கம்பி டக்கென்று நின்றது.

"அக்கா, அரிசி இவ்வளவு கெட்டியா?"

அக்கா என்ஜினை அணைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மருந்து. உங்கம்மாவுக்குத்தான்."

ஊமையாக இருந்தது நல்லதாயிற்று.

"அம்மாவுக்கு என்ன?"

"வயித்துக்கு ஆகல. படுத்திருக்கா. நீ எடுத்துக்கறதுன்னா எடுத்துக்க, நான் போய் அவகிட்ட சொல்லிக்கிறேன், உன் மவன்தான் வாங்கி வச்சுக்கிட்டான்னு."

அவன் கம்பியை உருவினான். அவன் ஆட்கள் அவனையே பார்த்தார்கள். "போ" என்றான்.

மூட்டைக்குள் மறைத்திருந்த அந்த மருந்துப் பெட்டியில் வந்த சலைனில் பிழைத்த குழந்தைகளை எனக்குப் பேர் பேராகத் தெரியும். அதனால் அந்தப் பொய்யைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பொய் அங்கே நிற்கவில்லை. அடுத்த முறை போனபோது லூரே சுருட்டுக் கட்டு ஒன்றை அம்மாவுக்கு என்று கொடுத்தான். அதற்கடுத்து ஒரு கம்பளிச் சட்டை. மருந்துப் பெட்டிமேல் கம்பி படாமல் பார்த்துக்கொண்டான்.

"அம்மா என்ன சொன்னா?"

"முட்டி வலியாம். நீ வெத்தலைய குறைக்கணுமாம், பல்லு பன்னிப் பல்லு மாதிரி ஆயிடுச்சாம்."

அவன் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். வண்டி வளைவு திரும்பியதும் அக்கா ஓட்டியபடியே என்னிடம் சொன்னாள்: "பொய் வாயில தானா வருது தம்பி. அவன் சிரிக்கிறான் பாரு, அதான் தாங்கல."

கம்பளிச் சட்டையை, பிள்ளை பெற்று நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் போர்த்தினாள்.

மழை வலுத்த ஒரு காலையில், நாங்கள் டவுனிலிருந்து திரும்பும்போது, லூரே சீருடை இல்லாமல், சாதாரணச் சட்டையோடு சாவடியில் நின்றான். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர்.

"அக்கா, இன்னைக்கு நானும் உன் வண்டில வர்றேன். இவனுங்களும் வருவானுங்க. அம்மாவ கூட்டிட்டு வந்து டவுன் ஆஸ்பத்திரில சேத்திடறேன். மேல இருக்கறவங்ககிட்ட கேட்டுட்டேன்."

"சேறு தம்பி. வண்டி உன்னைத் தாங்காது."

"இறங்கித் தள்றேன்."

"அவ வர மாட்டா. உன் பிடிவாதம் அவகிட்டேருந்து வந்ததுதானே."

"நான் கூப்பிட்டா வருவா."

அவன் வண்டிமேல் ஏற ஒரு காலைத் தூக்கினான். எனக்கு நடக்கப்போவதெல்லாம் தெரிந்தது. மேட்டில் காவல் இருக்கும் எங்கள் போராளிகள் அவனைப் பார்த்ததும் சுடுவார்கள். சுடாவிட்டால், முகாம் எந்த ஓடையோரத்தில் இருக்கிறது என்று பின்னால் வரும் இரண்டு பேரும் தெரிந்துகொள்வார்கள். மறுநாள் விமானம் வரும்.

அக்கா என்ஜினை அணைத்தாள். அந்தச் சாவடியில் அவள் என்ஜினை அணைத்து நான் பார்த்ததே இல்லை. கீழே இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

"லூரே. அம்மா இல்லடா."

"எங்க போயிட்டா?"

"செத்துட்டா. நான் மொத மொத மருந்து கொண்டு வந்தேனே, அதுக்கு முன்னாலயே."

அவன் அவளை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் நின்றவன் துப்பாக்கியை அவள் பக்கம் தூக்கினான். லூரே கையை மட்டும் காட்டி அவனை நிறுத்தினான்.

"சுருட்டு?"

"மத்தவங்க குடிச்சாங்க."

"முட்டி வலின்னியே."

"நானாச் சொன்னது."

"யார் குளிப்பாட்டினது?"

"நான்."

"கூட யார் இருந்தாங்க?"

அக்கா என்னைக் கை காட்டினாள். நான் பேசினேன். ஊமை பேசியதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "நான் இருந்தேன் அண்ணே. கடைசியா ஜெபம் சொன்னேன். அமைதியாத்தான் போனாங்க." அமைதியாகப் போகவில்லை. அது என் பங்குப் பொய்.

"மருந்து குடுக்கலையா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள், நான் மூடிக்கொண்டேன். ஷாமே செத்த வாரம் இவர்கள் பிடுங்கிய மருந்து சாவடிக் குடிசையில் அடுக்கியிருந்ததோ, விற்றுப்போனதோ, எனக்குத் தெரியாது. லூரே குடிசைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு பார்வையை எங்கேயும் வைக்க முடியாதவன் போல வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியருகே போனான். என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்துப் பள்ளத்தில் வீசினான்.

"நடந்து போங்க. தூக்க முடிஞ்சதத் தூக்கிக்கங்க. இன்னொரு தடவ இந்தப் பக்கம் வந்தா, யாருன்னு பாக்க மாட்டேன்."

அக்கா முதலில் மருந்துப் பெட்டியைத்தான் என் முதுகில் கட்டினாள். அவன் கண்ணெதிரிலேயே கட்டினாள். அவள் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டாள். மற்றதெல்லாம், அவள் பிழைப்பு நடத்திய வண்டி உட்பட, மழையில் நின்றது. வளைவு திரும்பும்வரை முதுகில் எந்த இடத்தில் குண்டு பாயும் என்று யோசித்தபடியே நடந்தேன்.

முகாமில் குழு கூடியது. பாராட்டுவார்கள் என்று நான் நினைத்தது என் அறியாமை. குழுவில் மூத்தவரான ஆந்த்ரேயா மாமா எரிந்து விழுந்தார்.

"இருந்தது ஒரே வழி. அதையும் அடைச்சிட்டு வந்திருக்கே. ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே? பொய் சொல்ல உனக்கா தெரியாது?"

"அவன் கால் வண்டில ஏறிடுச்சு மாமா. நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல நாள் அவளோடு பேசவும் இல்லை. அரிசிக் கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தபோது, அவளைப் பார்த்து முணுமுணுத்த தாய்மார்களும் உண்டு. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் மலையைச் சுற்றிச் சுற்றி வந்து, சாவடியைத் தொடாமல் பாறைச் சரிவு வழியாக ஏறும் தடம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வண்டி போகாது. நெற்றியில் வார் மாட்டிக் கூடையில்தான் சுமக்க வேண்டும். முதல் நாள் அவளோடு போனது நானும் இரண்டு பெண்களும். போகப் போகப் பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்தார்கள். வண்டியில் வந்ததில் கால் பங்கு கூட வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கப் பசிதான். முகாமின் மேல் விமானம் மட்டும் வரவில்லை.

மழை விட்டபின் சாவடி காலியாகிவிட்டது. லூரே செத்துவிட்டான் என்றார்கள், படையை விட்டுத் தாய்லாந்துக்கு ஓடிவிட்டான் என்றும் சொன்னார்கள். அக்கா யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஒருநாள் சரிவில் கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்கும்போது, அதே சந்தர்ப்பம் மறுபடி வந்தால் அந்தப் பொய்யைச் சொல்வாயா என்று கேட்டேன்.

"மொதப் பொய்ய சொல்லுவேன்" என்றாள். "சுருட்ட வாங்கியிருக்க மாட்டேன்."

பிறகு நெற்றி வாரைச் சரிசெய்துகொண்டு, "எந்திரி, மேகம் கூடுது" என்று முன்னால் நடந்தாள்.