அவிழாமல் நின்ற கொடி

பெப்ரவரி நாலு, சுதந்திர தினம் வந்தால் எங்கள் வாவிக்கரையில் இரண்டு கொடி உண்டு. பள்ளிக்கூடத்தில் சிங்கக்கொடி ஏறும். பட்டினத்தில், காணாமல்போன பிள்ளைகளின் படத்தோடு தாய்மார் கறுப்புக்கொடி பிடித்து நிற்பார்கள். என் மூத்தவனைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து நானும் மகளும் பட்டினத்துக்குத்தான் போவோம். ஒரு வருடம் போகவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சிற்றூழியர் வேலை கிடைத்திருந்தது, நிரந்தரமாக்கவில்லை. சுதந்திர தினத்துக்கு முகம் காட்டாவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்தாள்.

கொடி கட்டுவதும் அவள் பொறுப்பாயிற்று. எங்கள் பள்ளிக்கூட வழக்கப்படி பூவிதழ்களை உள்ளே வைத்துக் கொடியைச் சுற்றிக் கட்டி, உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். விருந்தினராக வரும் பெரியவர் கயிற்றைச் சுண்டினால் முடிச்சு அவிழ்ந்து பூச்சொரியும். முதல்நாள் அவள் வீட்டில் வைத்துக் கட்டியது தளர்வாகக் கிடந்தது. நான் வாங்கி, வலை நூலால் கட்டினேன்.

"சுண்டினா அவிழுமா அம்மா?"

"என்ர முடிச்சில மீனே தப்பினதில்ல. நீ சும்மா இரு புள்ள."

வலை பின்னியே பழகிய கைக்கு, அவிழவேண்டிய முடிச்சும் உண்டு என்பது உறைக்கவில்லை.

காலையில் நானும் அவளோடு போய் நின்றேன். விருந்தினராக வந்த பொலிஸ் பெரியவர் கயிற்றைச் சுண்டினார். அவிழவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அதற்குள் பிள்ளைகள் தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்கள். உச்சியில் கொடி பொட்டணமாகத் தொங்கியது. மகளின் முகத்தில் இரத்தமில்லை.

எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்: "தமையன நினைச்சு வேணுமெண்டுதான் கட்டியிருக்காள்கா."

"வேலை போச்சு. இனித் தாயோட இருந்து வலை பின்னட்டும்," என்றாள் மற்றவள்.

பாட்டு முடிந்தது. "கட்டினது ஆர்?" என்று பெரியவர் கேட்டார். மகள் ஓர் அடி முன்னே வைத்தாள். நான் அவளைத் தாண்டிப் போனேன்.

"நான்தான் ஐயா. இறக்குங்க."

இறக்கினார்கள். ஆசிரியர் ஒருவர் முடிச்சை அறுக்கப் பிளேட் நீட்டினார்.

"கொடியில பிளேட் வைக்க வேணாம்," என்றார் பெரியவர்.

மண்ணில் படாமல் மகள் கொடியை இரு கையாலும் ஏந்தினாள். நான் நகத்தால் கிண்டினேன். அவர் இழுத்த இழுப்பில் முடிச்சு இன்னும் இறுகிக் கிடந்தது. அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வேணுமெண்டு செஞ்சதா அம்மா?"

"எனக்குச் சொல்ல இருக்கிறதப் பட்டினத்தில நிண்டு, முகத்துக்கு நேரே சொல்லுவன் ஐயா. முடிச்சுக்குள்ள ஒளிச்சு வைக்கமாட்டன்."

முடிச்சு விட்டது. கசங்கிய பூவிதழ்கள் அவருடைய சப்பாத்தில் கொட்டுண்டன. கொடி பூவில்லாமல் ஏறியது. போகும்போது பள்ளிக்கூட அதிபரிடம், "தாயிட பிழை. மகளிட பேரில ஒண்டும் எழுதாதீங்க," என்றார்.

வீட்டுப் படலையைத் திறக்கும்போது மகள் சொன்னாள்: "நான் கட்டினத நீங்க விட்டிருந்தா, ஒரு கரைச்சலும் வந்திராது."

சரிதான். நிரந்தரக் கடிதம் கைக்கு வரும்வரை அவளுக்கு முன்னால் நான் அதிகம் வாய் திறக்கவில்லை.